கட்டியாச்சா?

அந்த மாவு மில்லுக்குப் பெயர்ப்பலகை உண்டு. ஆனால் அதை யாரும் படித்ததில்லை. மாவு படிந்து படிந்து எழுத்தெல்லாம் பல் விழுந்த வாய் மாதிரி ஆகிவிட்டது. வழி கேட்டால், "சடைக்காரி மில்லா? நேரா போய் இடது பக்கம் திரும்புங்க" என்பார்கள். மில் என்னவோ அவளுடைய மாமனார் வைத்தது. அவர் போன பிறகு மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி. பாடுபட்ட அந்த இரண்டு பேரின் பெயரும் தெருவில் எடுபடவில்லை. மருமகளாக வந்தவளின் சடை எடுபட்டுவிட்டது.

சும்மா சொல்லக்கூடாது, அப்படிப்பட்ட சடைதான். கைப்பிடிக்குள் அடங்காத தடிமன். முக்காலியில் உட்கார்ந்தால் நுனி தரையைத் தொடும். அதை முன்னால் எடுத்துப் போடுவதும் பின்னால் தள்ளிவிடுவதுமாக அவள் தானியத்தை நிறுக்கும்போது, வரிசையில் நிற்பவர்கள் தராசு முள்ளைப் பார்ப்பதை மறந்துவிட்டுச் சடையைப் பார்ப்பார்கள். பார்க்கிறார்கள் என்பது அவளுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருக்கத் தெரிந்து வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

நாத்தனார் அதற்கு நேர்மாறு. வீட்டுக்காரரின் தங்கை. கல்யாணம் காட்சி என்ற பேச்சையே எடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, மில்லே கதியென்று இருப்பவள். தலையில் இருப்பது ஒல்லியாக ஒரு பின்னல். அதையும் சுருட்டி, மேலே ஒரு துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் மெஷின் பக்கம் வருவாள். 'எலிவால்' என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தது சடைக்காரிதான். வேடிக்கையாகத்தான் வைத்தாள். அது வேடிக்கை என்பது வைத்தவளுக்கு நன்றாகத் தெரியும். சுமந்தவளை யாரும் கேட்கவில்லை.

"இருக்கற எலிவாலுக்கு எதுக்குடி துணி? பெல்ட்டே பார்த்துட்டு, பாவம் போகட்டும்னு விட்டுடும்" என்பாள்.

வரிசை கொல்லென்று சிரிக்கும். நாத்தனாரும் கூடவே சிரிப்பாள்.

அந்த மில்லில் சட்டம் என்று ஒன்றே ஒன்றுதான். மோட்டாரிலிருந்து அரைக்கிற கல்லுக்கு ஒரு சாண் அகலத்தில் பெல்ட் ஓடும். சுவிட்ச் வாசல் பக்கம், பெல்ட் உள்பக்கம். நடுவில் தலை மறையும் உயரத்துக்கு மூட்டைகள். சுவிட்சில் கை வைப்பவருக்கு உள்ளே இருப்பவர் கண்ணில் படமாட்டார். அதனால் மாமனார் காலத்திலிருந்தே ஒரு குரல் பழக்கம். சுவிட்சில் நிற்பவர் "கட்டியாச்சா?" என்று கத்த வேண்டும். முடி, துண்டு, சட்டை நுனி என்று தொங்குவதையெல்லாம் கட்டிவிட்டு, உள்ளே இருப்பவர் "கட்டியாச்சு!" என்று திருப்பிக் கத்த வேண்டும். அந்த வார்த்தை காதில் விழுந்தால் சுவிட்ச். வந்து எட்டிப் பார்க்கிற வழக்கம் கிடையாது. பார்க்கட்டுமா என்று கேட்டாலே அது சண்டையில் முடியும். "ஏன், என் வாய்மேல நம்பிக்கை இல்லையா?" என்று ஒருநாள் சடைக்காரியே புருஷனிடம் எகிறியிருக்கிறாள்.

அன்றைக்குச் சுவிட்சில் நாத்தனார் நின்றாள். சடைக்காரி பெல்ட்டுக்குக் கீழே சிந்திக் கிடந்த கோதுமையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். சற்று முன்புதான் வரிசையில் வந்த ஒரு புதுப்பெண், "அக்கா, தலைக்கு என்னதான் தேய்க்கறீங்க?" என்று வாய் பிளந்து கேட்டிருந்தாள். கொண்டையை அவிழ்த்து, சடையை நீளமாக விட்டு, நுனி வரைக்கும் காட்டியாகிவிட்டது. மறுபடி சுருட்டிக் கட்ட எவ்வளவு நேரமாகும்? ஒரு தும்மல் நேரம். அந்தப் பெண் மூட்டைகளின் ஓரமாக எட்டி நின்று இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது கட்ட மனசில்லை.

"கட்டியாச்சா?"

"கட்டியாச்சு!" என்றாள் சடைக்காரி. சடை முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. குனிந்தாள்.

அதற்கு மேல் நடந்ததை அவளால் வரிசையாகச் சொல்ல முடியாது. தலையை யாரோ கூரையோடு சேர்த்துத் தூக்கியது போல இருந்தது. பிறகு ஒரு சத்தம். அது தன்னுடைய சத்தம்தான் என்று பின்னால் தெரிந்துகொண்டாள். மீதியை மற்றவர்கள்தான் சொன்னார்கள். நாத்தனார் சுவிட்சை அணைத்திருக்கிறாள். சுவிட்சை அணைத்தாலும் சுற்றுகிற கல் ஓயும்வரை பெல்ட் நிற்காது. பெல்ட்டைத் தள்ளிவிடுகிற கட்டையைத் தேட நேரமில்லை. மூட்டைகளின் மேல் ஏறிக் குதித்து வந்து, வலது கையையே கட்டையாகக் கொடுத்து, ஓடுகிற பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து தள்ளிவிட்டிருக்கிறாள். பெல்ட் கழன்று விழுந்தது. அவளுடைய முழங்கை நொறுங்கியது. சடைக்காரிக்குக் கழுத்து தப்பியது. சடையும், அதோடு சேர்ந்து உச்சி முதல் பிடரி வரைக்கும் தோலும் சக்கரத்தோடு போய்விட்டன.

ஆஸ்பத்திரியில் தொடையிலிருந்து தோலை மெல்லிசாகச் சீவி எடுத்துத் தலையில் ஒட்டினார்கள். ஒரு தடவையில் பிடிக்கவில்லை. பிடிக்காத இடத்துக்கு மறுபடி சீவினார்கள். தலையைவிடத் தோல் எடுத்த தொடைதான் அதிகமாக எரிந்தது. துணி பட்டால் எரியும், காற்றுப் பட்டாலும் எரியும். "தொடைத் தோல் தலைக்குப் பதவி உயர்வுல போயிருக்கு. கொஞ்சம் மரியாதையா வச்சுக்கோங்க" என்று டாக்டரம்மா ஜோக்கடித்தார். சிரிக்க வேண்டும் என்று சடைக்காரிக்குத் தோன்றியது. நெற்றித் தோல் இழுத்ததில் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

பக்கத்து வார்டில்தான் நாத்தனார் முழங்கைக்குள் கம்பி வைத்துக் கட்டுப் போட்டுப் படுத்திருந்தாள். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் சடைக்காரியின் கட்டிலுக்கு வந்து அழுதார்கள். அழுது முடித்த பிறகு ஞாபகம் வந்தால் அந்தப் பக்கம் ஒரு எட்டு போனார்கள். அவள் கை எப்படியிருக்கிறது என்று சடைக்காரி யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் அது எப்படி உடைந்தது என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சு வந்தால், ஏன் உடைந்தது என்ற பேச்சும் வால் பிடித்துக்கொண்டு வரும்.

வீட்டுக்கு வந்த பிறகு, மில்லுக்குப் பின்னாலிருந்த அறையிலேயே முடங்கினாள். அறைக்கும் மில்லுக்கும் நடுவில் ஒரு கதவுதான். கண்ணாடியை வீட்டுக்காரர் யாரும் சொல்லாமலே கழற்றி எங்கேயோ வைத்துவிட்டார். ஆனால் முகம் பார்க்கக் கண்ணாடிதான் வேண்டுமா என்ன? எவர்சில்வர் தட்டு போதும். சாப்பிட்டுக் கழுவிய தட்டில் ஒருநாள் பார்த்துவிட்டாள். இடது காதுக்கு மேலே மட்டும் கொஞ்சம் முடி. மற்றதெல்லாம் ஒட்டுப்போட்ட தோல், வழவழவென்று, மேடும் பள்ளமுமாக. தட்டைக் கவிழ்த்து வைத்தாள். அதற்குப் பிறகு பீங்கான் தட்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

கட்டு மாற்றுவது நாத்தனாரின் வேலையாயிற்று. வலது முழங்கை ஓர் அளவுக்கு மேல் மடங்காது என்று டாக்டரம்மா கைவிரித்துவிட்டார். இடது கையாலேயே மருந்து தடவி, பஞ்சு வைத்து, துணி சுற்றுவாள். அந்த வலது கையைச் சடைக்காரி பார்க்கமாட்டாள். கண்ணை மூடிக்கொள்வாள். வலியால் மூடுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அந்த மடங்காத கையை வைத்துக்கொண்டு நாத்தனாரால் தன் தலையைத் தானே கட்டிக்கொள்ள முடியாது என்பது சடைக்காரிக்கு ஒரு காலையில்தான் உறைத்தது. கதவிடுக்கில் பார்த்தாள். மில் திறப்பதற்கு முன்னால் வீட்டுக்காரர் தங்கையை முக்காலியில் உட்காரவைத்து, சீப்பை மண்வெட்டி பிடிப்பது மாதிரி பிடித்துக்கொண்டு தலைவாரிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இது தலை. கோதுமை மூட்டை இல்லை."

"எனக்குத் தெரிஞ்ச முடிச்சு இது ஒண்ணுதான். ஆடாம உட்காரு."

மூட்டைக்குப் போடுகிற முடிச்சைத்தான் போட்டார். துணியையும் அப்படியே கட்டினார். ஆயிரம் சடை பின்னிய விரல்கள் இரண்டு கைகளிலும் சேதமில்லாமல் இருக்க, சடைக்காரி கதவுக்குப் பின்னால் நின்றாள். நான் கட்டுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்னொருத்தியின் முடியைத் தொட மனசு வரவில்லை. எலிவால் என்று எதைச் சிரித்தாளோ, அது இப்போது அந்த வீட்டிலேயே நீளமான தலைமுடி. பொறாமையாக இருந்தது. பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்து படுத்துக்கொண்டாள்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. எதிர்வீட்டுத் தையற்காரம்மா வந்ததுதான் வினையாயிற்று. துணி தைக்கிற வேகத்தைவிட அவருக்குக் கதை தைக்கிற வேகம் அதிகம். ஆறுதல் சொல்ல வந்தவர் கட்டிலோரம் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நான் கேட்கறேன்னு தப்பா நினைக்காதே கண்ணு. அன்னிக்கு அவ குரல் கொடுத்தாளா இல்லையா? உன்னை மாதிரி ஒரு சடை கண்ணெதிர ஆடிக்கிட்டே இருந்தா, யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். கேட்காமலே சுவிட்சைப் போட்டுட்டாளாமே? ஊரே பேசுது."

கேட்டாள். நான்தான் கட்டாமலே கட்டியாச்சு என்றேன். இதைச் சொல்ல எத்தனை மூச்சு வேண்டும்? சடைக்காரியின் வாய் திறந்துதான் இருந்தது. அதற்குள் ஒரு கணக்கு ஓடியது. இப்போது எல்லோரும் 'பாவம்' என்கிறார்கள். உண்மையைச் சொன்னால் 'திமிர்' என்பார்கள். முடி போயிற்று, முகமும் போயிற்று, மிச்சம் இருப்பது அந்தப் 'பாவம்' ஒன்றுதான். அதையும் விட்டால் கையில் என்ன இருக்கிறது? சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள். அழுகை உண்மையான அழுகைதான். ஆனால் தையற்காரம்மாவுக்கு அதுவே பதிலாகிவிட்டது.

"வேண்டாம் கண்ணு, நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். எனக்குப் புரிஞ்சுபோச்சு" என்று முதுகைத் தடவிவிட்டுப் போனார்.

ஒரு வாரத்தில் தெருவெல்லாம் பரவியது. மறுத்துச் சொல்ல, அன்று வரிசையில் நின்ற ஒரே ஆளான அந்தப் புதுப்பெண்ணும் பிறகு மில் பக்கம் வரவேயில்லை. சிலர் அரைக்கத் தூரத்து மில்லுக்குப் போனார்கள். வருகிற சிலரும் நாத்தனாரின் முகத்தைப் பார்க்காமல் மாவை வாங்கிக்கொண்டு போனார்கள். அது நாத்தனாரின் காதுக்கும் வந்து சேர்ந்தது. கட்டு மாற்றும்போது ஒருநாள் அவளே பேச்செடுத்தாள். குரலில் சிரிப்பு இருந்தது.

"தெருவுல நான் பெரிய வில்லி ஆயிட்டேன் அண்ணி. சின்னப் பிள்ளைங்க என்னைப் பார்த்து அம்மா பின்னால ஒளியுதுங்க."

சொல்லிவிட்டு அவள் கை நின்றது. பஞ்சு தலைமேல் அப்படியே நின்றது. அவள் எதற்காகக் காத்திருக்கிறாள் என்று சடைக்காரிக்குத் தெரியாதா? நன்றாகத் தெரிந்தது.

"வலிக்குது. மெதுவா வை" என்றாள்.

"சரிங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு நாத்தனார் கட்டை முடித்தாள். உண்மையில் அந்த இடத்தில் வலியே இல்லை. ஒட்டுப்போட்ட தோலில் தொட்டால்கூடத் தெரியாது. அதுவும் இருவருக்குமே தெரியும். டாக்டரம்மா சொல்லும்போது இரண்டு பேரும் பக்கத்தில்தானே இருந்தார்கள். அன்று முழுக்க சடைக்காரி சாப்பிடவில்லை. தன்மேலேயே அப்படி ஒரு அருவருப்பு அவளுக்கு அதற்குமுன் வந்ததில்லை. தட்டில் பார்த்த தலைகூட அவ்வளவு அசிங்கமாக இல்லை.

புண் ஆறியது. நடக்கலாம், வேலை செய்யலாம், வெளியே போகலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். தலைக்கு ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு அறைக்குள்ளேயே நடந்தாள். கதவு வரைக்கும் வருவாள், தாழ்ப்பாளைத் தொடுவாள், திரும்பிவிடுவாள். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். "மெதுவா வரட்டும்" என்பார். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவளுக்கு இன்னும் கொஞ்சம் கூசும்.

அன்றைக்கு வீட்டுக்காரர் மோட்டாருக்கு ஒரு பாகம் வாங்கக் கடைத்தெரு போயிருந்தார். காலையில் அவர் போட்ட மூட்டை முடிச்சு எப்படியோ நழுவிவிட்டது. கதவிடுக்கில் சடைக்காரி பார்த்தாள். நாத்தனாரின் பின்னல் அவிழ்ந்து தோளில் கிடந்தது. தலைத்துணி மாவுக்கு நடுவே விழுந்திருந்தது. குனிந்து அதை எடுத்து, ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடது கையால் சுற்றப் பார்த்தாள். வலது கை பாதி வரை எழும்பி அந்தரத்தில் நின்றது. துணி மறுபடி நழுவியது. வரிசையில் நாலைந்து பேர். முன்னால் தையற்காரம்மா, கையில் சோள டப்பாவோடு. ஒருவரும் துணியைப் பிடித்துக்கொடுக்கக் கை நீட்டவில்லை.

"பார்த்தும்மா. இன்னிக்கு யார் தலையோ" என்றார் தையற்காரம்மா, பொதுவாகக் காற்றைப் பார்த்து.

நாத்தனார் துணியை மடித்து மூட்டைமேல் வைத்தாள். "போகுது விடுங்க. எலிவாலுக்கு எதுக்குத் துணி? பெல்ட்டே பாவம் பார்த்து விட்டுடும்" என்றாள்.

சடைக்காரியின் வாயிலிருந்து முன்பு புறப்பட்ட அதே வார்த்தை. அவளுடைய அதே இழுப்பு. ஆனால் வரிசையில் இன்று யாரும் சிரிக்கவில்லை. நாத்தனார் பெல்ட் பக்கம் வந்து சோளத்தைக் கொட்டினாள். பின்னல் தோளிலிருந்து முன்னால் சரிந்து, சக்கரத்துக்கு ஒரு முழ தூரத்தில் ஆடியது. அரைபடும்போது அவள் மறுபடி இங்கேதான் வந்து நிற்க வேண்டும், சோளத்தைத் தள்ளிவிட வேண்டும். மூட்டைகளைச் சுற்றிக்கொண்டு சுவிட்சுக்குப் போனாள். உள்ளே யாரும் இல்லை. இருந்தாலும் பழக்கதோஷம். சுவிட்சில் கை வைத்துக் குரல் கொடுத்தாள்.

"கட்டியாச்சா?"

"கட்டலை!"

கதவுக்குப் பின்னாலிருந்து வந்த அந்தக் குரல் தனக்கே அந்நியமாக இருந்தது சடைக்காரிக்கு. தாழ்ப்பாளை எப்போது திறந்தாள் என்று தெரியவில்லை. மூட்டைமேல் இருந்த துணியை எடுத்துக்கொண்டு சுவிட்சுக்கு வந்து சேர்ந்திருந்தாள். வரிசை முழுக்க அவளைப் பார்த்தது. முன்பு பார்த்த பார்வைக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லாமலா இருக்கும்? காதெல்லாம் சுட்டது.

"திரும்பு" என்றாள் நாத்தனாரிடம்.

இரண்டு கையையும் உயர்த்தி அந்த ஒல்லிப் பின்னலைச் சுருட்டினாள். கையை உயர்த்தியதில் தன் தலையில் சுற்றியிருந்த துண்டு தளர்ந்து, கழுத்தில் விழுந்து, அங்கிருந்து தரைக்குப் போயிற்று. யாரோ "ஐயோ" என்றார்கள். குனிந்து எடுத்தால் பின்னல் மறுபடி அவிழ்ந்துவிடும். எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. மூடினால் முடிச்சு சரியாக விழாது. மூடவில்லை.

"அன்னிக்கும் கட்டலை" என்றாள். வரிசையைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை. நாத்தனாரின் பிடரியைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் வாசல் வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "இவ கேட்டா. நான்தான் கட்டாமலே கட்டியாச்சுன்னு சொன்னேன். ஒரு பொண்ணு சடையைப் பார்த்துக்கிட்டு நின்னா. அவ பார்க்கட்டும்னு தொங்கவிட்டேன். இவ கை என்னாலதான் போச்சு. தையற்காரம்மா, அன்னிக்கு நீங்க கேட்டீங்களே, அப்போ நான் அழுதேனே தவிர பதில் சொல்லலை. இதுதான் பதில்."

தையற்காரம்மா டப்பா மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "இவ்வளவு திமிரா" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். எந்த வார்த்தைக்குப் பயந்து இத்தனை நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாளோ, அந்த வார்த்தை வந்தேவிட்டது. வாங்கிக்கொண்டாள். நியாயமான வார்த்தைதான்.

நாத்தனார் திரும்பவில்லை. அவளுடைய தோள் மட்டும் ஒருமுறை ஏறி இறங்கியது.

"அண்ணி, முடிச்சு ரொம்ப இறுக்கமா இருக்கு" என்றாள்.

"இறுக்கமாத்தான் இருக்கணும்."

"சரி. அப்போ நீங்க உள்ளே போய்ச் சோளத்தைத் தள்ளிவிடுங்க. இவங்கல்லாம் எவ்வளவு நேரம் நிப்பாங்க?"

சடைக்காரி கீழே கிடந்த துண்டை எடுத்து, மாவை உதறிவிட்டு, மூட்டைகளைச் சுற்றிப் பெல்ட்டுக்குப் போனாள். அந்த இடம். காதோரம் மிச்சமிருந்த கொஞ்சம் முடியை உள்ளே தள்ளி, துண்டைச் சுற்றி, நுனியைச் செருகினாள். சேலைத் தலைப்பை இடுப்பைச் சுற்றிக் கட்டினாள்.

"கட்டியாச்சா?" என்று வாசல் பக்கமிருந்து குரல் வந்தது.

"கட்டியாச்சு!"

சுவிட்ச் விழுகிற சத்தம் கேட்கவில்லை. பதிலாகக் காலடிச் சத்தம் கேட்டது. நாத்தனார் மூட்டைகளைச் சுற்றிக்கொண்டு வந்தாள். மாமனார் காலத்திலிருந்து அந்த மில்லில் யாரும் அப்படி வந்து பார்த்ததில்லை. எதிரே நின்று, அண்ணியின் தலையை, காதோரத்தை, சேலைத் தலைப்பை, தொங்கக்கூடிய ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்தாள். செருகிய நுனியை இடது கையால் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். நுனி அசையவில்லை.

என் வாய்மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்க இப்போது சடைக்காரிக்கு வாய் இல்லை. அவள் பார்த்து முடிக்கும்வரை தலையைக் குனிந்து காட்டிக்கொண்டு நின்றாள்.